ஒவீதியோ நிரப்பாத படிவம்

அத்தியாயம் ஒன்பது

துப்பாக்கிச் சத்தம் வேண்டாம் என்று அப்பா சொல்லியிருந்தார். அதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்றுதான் நெரைதா காலையிலிருந்து தவித்துக்கொண்டிருந்தாள்.

ஊரார் மரியாதையாக 'தோன்' ஒவீதியோ என்றழைத்த அப்பா போய் இது மூன்றாம் நாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சோறும் சிவப்பு பீன்ஸும் சாப்பிட்டு முடித்து காபி கேட்டார். நெரைதா கோப்பையோடு வருவதற்குள் நாற்காலியிலேயே அடங்கிவிட்டார். தொண்ணூற்று நாலு வயது. தீவின் நடுவே சான் எலியாஸ் என்ற அந்த மலையூரில் அவரிடம் ஒரு தடவையாவது வரிப் படிவம் எழுதிக்கொள்ளாத குடும்பம் கிடையாது. இளவயதில் கொரியப் போருக்குப் போய் வந்தவர். இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. பிள்ளைகள் கேட்டால், "கொரியாவுல டெபாசிட் போட்டு வச்சிருக்கேன்" என்பார். போரைப் பற்றி அவர் வீட்டில் பேசியது அவ்வளவுதான்.

அண்ணன் ரமீரோ நேற்று கடல் தாண்டி ஆர்லாண்டோவிலிருந்து வந்து இறங்கினார். அவருக்கே எழுபது வயது. பதினேழு வயதில் படையில் சேர ஆசைப்பட்டு, அப்பாவின் சம்மதக் கையெழுத்துக்காகப் படிவத்தை நீட்டினார். அப்பா மறுத்துவிட்டார். அந்தக் கோபத்தில் வீட்டை விட்டுப் போனவர், ஐம்பத்து மூன்று வருடத்தில் நாலு முறைதான் தீவுக்கு வந்திருக்கிறார். அதில் ஒன்று அம்மாவின் சாவுக்கு.

நேற்று அண்ணனும் தங்கையும் வாசலில் கட்டிக்கொண்டு அழுதார்கள். அழுகை அடங்கிய கையோடு ரமீரோ விஷயத்தைச் சொன்னார். புதன்கிழமை காலை அடக்கத்துக்கு ராணுவ மரியாதை ஏற்பாடு செய்தாகிவிட்டது. பெட்டி மேல் கொடி, ஊதுகொம்பு, மூன்று வேட்டு.

இன்று காலை சமையலறையில் அவர் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது நெரைதா மெல்லப் பேச்செடுத்தாள்.

"துப்பாக்கி மட்டும் வேண்டாம்னு அப்பா சொன்னார், அண்ணே."

"எப்பச் சொன்னார்?"

"போன மாசம். மருந்து கொடுக்கும்போது."

"நாட்டுக்காகச் சண்டை போட்டவர். சும்மா பெட்டியை இறக்கி மண்ணைத் தள்ளிட்டு வரச் சொல்றியா?" இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "ஏன் வேண்டாம்னு கேட்டியா?"

"அப்பாகிட்ட ஏன்னு கேட்டு இந்த வீட்டுல யாருக்குப் பதில் கிடைச்சிருக்கு?"

ரமீரோ சட்டைக் காலரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கிடைக்கலை" என்றார்.

நெரைதா சாப்பாட்டு மேசைக்குப் போய்த் தன் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். நாளை பூசையில் படிப்பதற்கு அப்பாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி பாதிரியார் கேட்டிருந்தார். இதுவரை நாலு வரி தேறியிருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதில் பிறந்தார். போருக்குப் போய் வந்தார். படைவீரர்களுக்கான உதவித்தொகையில் கணக்கியல் படித்தார். ஊர் மைதானத்து மருந்துக்கடை மாடியில் அறுபது வருடம் அலுவலகம் நடத்தினார்.

கல்யாணம் முறிந்து இருபத்தேழு வயதில் இந்த வீட்டுக்குத் திரும்பியவள் அவள். நாற்பது வருடம் அவருடன் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறாள். ஐந்தாவது வரி வரவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு அஞ்சலி மண்டபத்தைத் திறந்தார்கள். அப்பாவைச் சாம்பல் நிற கோட்டில் படுக்க வைத்திருந்தார்கள். கழுத்துப்பட்டையைச் சற்றுக் கோணலாகக் கட்டிவிட்டார்கள் என்று நெரைதாவே குனிந்து சரிசெய்தாள். மூன்று மணிக்குள் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. ரொட்டிக்கடையிலிருந்து பிஸ்கட்டும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் வந்தன. சுடச்சுட சாக்லேட் பானம் ஒரு பெரிய பாத்திரத்தில் வந்து மூலையில் உட்கார்ந்தது.

வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு ஒவீதியோவைக் கொண்டுவந்தார்கள்.

பெரும்புயல் அடித்து ஊரே இருளில் கிடந்த வருடம், எண்பத்தெட்டு வயதில் மைதானத்தில் ஒரு மடக்கு மேசையைப் போட்டு உட்கார்ந்து நாற்பது நாள் நிவாரணப் படிவம் எழுதிக்கொடுத்தாராம். ஆங்கிலம் தெரியாதவர்கள் வரிசையில் நின்றார்களாம். மதியச் சாப்பாட்டை நெரைதாதான் அங்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆனாலும் இன்னொருவர் சொல்லக் கேட்கும்போது புதிதாக இருந்தது. தபால் நிலையத்தில் வேலை பார்த்த ஒருவர் தன் கல்யாணப் பதிவைப் பற்றிச் சொன்னார்.

"படிவத்துல ஒரு தேதியைத் திருத்தினார். அதுவரைக்கும் என் பெண்டாட்டி என்னைவிட மூணு வயசு மூத்தவங்கறதே எனக்குத் தெரியாது."

மண்டபம் சிரித்தது. அந்தப் பெண்டாட்டியும் சிரித்தாள்.

ரொட்டிக்கடைக்காரர் செக்கோ வாயைத் துடைத்துக்கொண்டு, ஒரே ஒரு படிவத்தை மட்டும் தோன் ஒவீதியோ தொடமாட்டார் என்றார். படையில் சேரும் படிவம். அறுபத்தெட்டாம் வருடம் தானும் தன் அண்ணனும் அதை எடுத்துக்கொண்டு மாடியேறினார்களாம். அவர் பேனாவுக்கு மூடி போட்டுவிட்டு, வேறு ஊரில் போய் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லி, தானே எழுந்து கதவைத் திறந்துவிட்டாராம்.

"அரசியல்னு சிலபேர் சொன்னாங்க. பொறாமைன்னு சிலபேர் சொன்னாங்க" என்றார் செக்கோ. "அந்த ஆளுக்கு எதுல பொறாமை வந்திருக்கும்னு எனக்கு இன்னிவரைக்கும் விளங்கலை."

ரமீரோ கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். ஐம்பத்து மூன்று வருடமாக அது தனக்கு மட்டும் நடந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தவர் அவர். அப்படியில்லை என்று தெரிந்தது அவர் முகத்தில் ஓடியதை நெரைதா பார்த்தாள்.

நாலு மணி வாக்கில் ஒரு கிழவி உள்ளே வந்தாள். மலைமேல் காபித் தோட்டத்துப் பக்கத்து ஆள். யாரோ வண்டியில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். பெயர் மொன்சீத்தா, வயது எண்பத்தாறு என்று அவளே சொன்னாள். நெரைதா அவளைப் பார்த்ததே இல்லை. அவள் பெட்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். அழவில்லை. பிறகு திரும்பி, மகன் யார் என்று கேட்டாள். ரமீரோ எழுந்தார்.

"உக்காரு தம்பி. நானும் உக்காரணும். முட்டி ரெண்டும் போயிடுச்சு."

நெரைதா நாற்காலியை இழுத்துப் போட்டாள். கிழவி அவளையும் உட்காரச் சொன்னாள்.

அவளுக்கு லாலோ என்று ஒரு அண்ணன் இருந்தானாம். முழுப்பெயர் எலாதியோ. காபி பறிக்கும் வேலை. அதே வயதுக்காரன் ஒவீதியோ. அவன் காபிக் கிட்டங்கியில் குறிப்பெழுதிக்கொண்டிருந்தான். இருவரும் ஓரிடம் பிரிய மாட்டார்கள். ஐம்பதாம் வருடம் மைதானத்துக்கு ராணுவ லாரி வந்தது. ஒவீதியோ பெயர் கொடுத்தான். நீ போகிற இடத்துக்கு நானும் வருவேன் என்று லாலோ நின்றான். அவனுக்கு எழுதத் தெரியாது. ஒவீதியோதான் அவனுடைய படிவத்தையும் நிரப்பினான். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் அவன் கையைப் பிடித்து ஒவ்வொரு எழுத்தாக எழுத வைத்தான்.

"அன்னிக்கு வீட்டுக்கு வந்து, அடுப்புக் கரியை எடுத்து எங்க சுவத்துல தன் பேரை எழுதினான். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினான். என்னவோ பதக்கம் வாங்கிட்டு வந்த மாதிரி" என்றாள் மொன்சீத்தா.

லாலோ அடுத்த குளிர்காலத்தில் கொரியாவிலேயே இறந்துபோனான். ஒவீதியோ ஊன்றுகோலோடு திரும்பினான். பேருந்திலிருந்து இறங்கித் தன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. பையும் தோளுமாக நேரே மலையேறி வந்தான். லாலோவின் அம்மா கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் எதிரே நின்று, அந்தப் படிவத்தை நிரப்பியது தான்தான் என்றான். அவள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பொழுது சாயும்வரை அவன் வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். பதினாலு வயது மொன்சீத்தா சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் திரும்ப வந்தான். மகனை இழந்த தாய்க்குப் பென்ஷன் உண்டு, அதற்கு எழுதிப்போடுகிறேன் என்றான். லாலோ பிறந்ததற்குச் சரியான பதிவு இல்லை. ஒவீதியோ இரண்டு வருடம் கடிதம் கடிதமாக எழுதினான். பென்ஷன் வந்தது. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை அந்தத் தாய் உயிரோடிருப்பதாக எழுதி அனுப்பவேண்டும். ஒவ்வொரு ஜனவரியிலும் அவர் படிவத்தோடு மலையேறுவார். அவள் கட்டைவிரலை வைப்பாள். ஒரு தகரக் குவளையில் காபி கொண்டுவந்து வைப்பாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். இருபத்துநாலு வருடம் இப்படியே நடந்தது.

"கடைசி வருஷம் அம்மா படுக்கையில இருந்தா. உங்கப்பா அவ விரலைப் பிடிச்சு மையில வச்சார். அவ அந்தக் கையை விடலை. 'ஏம்ப்பா உன் கை இப்படிச் சில்லுன்னு இருக்கு, குவளையைக் கையில பிடிச்சுக்கோ'ன்னா. அவ்வளவுதான் சொன்னா. அவர் வெளியே போய்க் கோழிக்கூண்டு பின்னாடி நின்னு அழுதார்."

மண்டபத்தில் மற்றவர்கள் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எழுபதாம் வருஷம் ஒரு தடவை ஜனவரி இல்லாம வந்தார்" என்றாள் மொன்சீத்தா. "என் மகனும் அதே படிவத்தைக் கொண்டுவந்து நீட்டறான், எனக்குப் பேனாவைத் தொட முடியலை, இப்ப அவன் வீட்டை விட்டே போயிட்டான்னார். ஏன்னு அவன்கிட்டச் சொன்னீங்களான்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?" என்றார் ரமீரோ.

"'சொன்னா லாலோவை அவனும் தூக்கிச் சுமக்கணும். நான் ஒருத்தன் சுமந்தா போதும்'னார்."

நெரைதா எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள். அங்கே மூங்கில் புதருக்குப் பக்கத்தில் காலி நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. அப்பாவின் காலில் களிம்பு தடவியிருக்கிறாள். விரல் இல்லாத அந்த இடத்தில் பஞ்சு வைத்துச் செருப்பு மாட்டியிருக்கிறாள். நாற்பது வருடம் தினமும் மூன்று வேளை காபி. அவளுக்குச் சொல்லவில்லை. மலைமேலிருக்கும் ஒரு அந்நியப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

ரமீரோ பின்னாலேயே வந்தார்.

"உன்மேலதான் அவருக்கு உசிருன்னு நினைச்சேன். சுவத்துல இருந்து உன் போட்டோவை எடுக்கவே விடமாட்டார்" என்றாள் நெரைதா. "நான் கூடவே இருந்தேன் அண்ணே. என்னைக் கணக்குலயே எடுத்துக்கலையே."

"எனக்கும் சொல்லலை."

"நீ போயிட்டே. நான் போகலையே."

ரமீரோ தங்கையின் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். மண்டபக்காரரிடம் சொல்லி நாளைய ஏற்பாடு எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறேன் என்றார். நெரைதா மூக்கைச் சிந்திவிட்டு, மொன்சீத்தா அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேட்கலாம் என்றாள்.

மொன்சீத்தா அதிகம் யோசிக்கவில்லை.

"வேட்டு வேண்டாம். எங்கம்மா சாகிற வரைக்கும் திருவிழா வாணம் வெடிச்சாலே பதறிச் சட்டியைக் கீழ போடுவா. கொம்பு ஊதட்டும். கொம்பு யாரை என்ன செய்யுது? எங்க லாலோவுக்கு யாரும் ஊதலை. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஊதினதா இருக்கட்டும்."

ரமீரோ மண்டபக்காரரிடம் அப்படியே சொல்லிவிட்டு வந்தார். பிறகு தங்கையைக் கையைப் பிடித்து மறுபடி பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

அவருக்கு நயேலி என்று ஒரு பேத்தி. மகள் நோயில் போனபிறகு, ஆறு வயதிலிருந்து அவளை வளர்த்தவர் அவர்தான். சட்டப்படி அவரே காப்பாளர். அவளுக்கு இப்போது பதினேழு. பள்ளித் தோழிகள் இரண்டு பேரோடு ஒரே குழுவில் படையில் சேரத் துடிக்கிறாளாம். காப்பாளர் கையெழுத்து வேண்டும்.

"நான் போடறதா இருந்தேன், நெரைதா. நாளைக்கு அப்பாவோட கொடியை வாங்கிட்டு, அந்தக் கையாலேயே போடணும்னு நினைச்சு எடுத்துட்டு வந்தேன். அவர் எனக்குச் செய்யாததை நான் இவளுக்குச் செஞ்சு காட்டணும்னு."

"இப்ப?"

"இப்ப நீ சொல்லு. அவர் போடலை, நான் ஐம்பது வருஷம் வீட்டை விட்டுப் போயிட்டேன். நானும் போடலைன்னா இவளும் போவா. போட்டா..."

நெரைதா அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். கட்டம் கட்டமாக, அப்பா ஆயிரம் தடவை நிரப்பிய மற்றப் படிவங்களைப் போலத்தான் இருந்தது.

"அவர் கையெழுத்துப் போடாதது தப்பில்லை அண்ணே. ஏன்னு சொல்லாம விட்டார் பாரு, அதுதான் தப்பு. நீ போடு, போடாம இரு. ஆனா அவகிட்ட ஏன்னு சொல்லிடு."

"சொன்னாக் கேப்பாளா?"

"அன்னிக்குச் சொல்லியிருந்தா நீ கேட்டிருப்பியா?"

"மாட்டேன்" என்றார் ரமீரோ. உடனே, "ஆனா நடுவுல ஒரு நாள் புரிஞ்சிருக்கும். திரும்பி வந்திருப்பேன்" என்றார். பெட்டியைப் பார்த்தபோதுகூட இப்படி அழாதவர், அடுக்கிய நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். நெரைதா அவர் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே நின்றாள். அவளுடைய கோபம் எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்போதுதான் அவருடைய தொலைபேசி அடித்தது. நயேலி. சாவுக்கு வர வேண்டாம், பள்ளியை விடாதே என்று அவர் சொல்லிவிட்டு வந்திருந்தார். அவள் கேட்கவில்லை. மலைக்குக் கீழே போன்ஸே நகர விமான நிலையத்தில் நிற்கிறாளாம். யாராவது வந்து அழைத்துப்போக முடியுமா என்று கேட்டாள்.

மண்டபத்தை விட்டு இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்புவது முறையா என்று நெரைதா தயங்கினாள். மொன்சீத்தா தன் நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"போய்ட்டு வாங்க. நான் இருக்கேன். எனக்கும் இவர்கூடக் கொஞ்சம் பேசணும்."

நெரைதா வண்டியை ஓட்டினாள். மலை இறக்கம் முழுவதும் காபிப் பூ வாசனை. ரமீரோ அவளுடைய காகிதத்தையும் பேனாவையும் மடியில் வைத்துக்கொண்டு, அவள் சொல்லச் சொல்ல எழுதினார். எலாதியோ என்கிற லாலோவின் நண்பர். லாலோவின் தாய்க்காக இருபத்துநாலு வருடம் மலையேறிப் போய்வந்தவர். புயலுக்குப் பிறகு நாற்பது நாள் மைதானத்தில் உட்கார்ந்தவர். ஒரு பக்கம் நிறைந்து பின்பக்கமும் வந்துவிட்டது. நடுவில் ஒரு இடத்தில் ரமீரோ தானாகவே ஒரு வரி சேர்த்து எழுதினார். என்ன என்று அவள் கேட்டாள். நாளைக்குப் படிக்கும்போது பார்த்துக்கொள் என்று மடித்து வைத்துக்கொண்டார்.

விமான நிலையத்தில் கூட்டம் கலைந்திருந்தது. வாசல் தூணருகே தோள்பையோடு ஒரு பெண் நின்றாள். கிறிஸ்துமஸ் அன்று திரையில் பேசியபோது நயேலிக்கு இடுப்புவரை முடி இருந்தது. இந்தப் பெண் படையில் சேர்ந்தவர்களைப் போலக் காதோரம் ஒட்ட வெட்டியிருந்தாள். ரமீரோ நடுவழியில் நின்றுவிட்டார்.

நயேலி ஓடிவந்து தாத்தாவைக் கட்டிக்கொண்டாள். நெரைதாவையும் கட்டிக்கொண்டாள். கொள்ளுத்தாத்தாவை ஒரு தடவையாவது பக்கத்தில் பார்க்க வேண்டும் என்றுதான் வந்தேன் என்றாள். அழுது வீங்கிய கண்கள். பிறகு அதே மூச்சில் கேட்டாள்.

"கையெழுத்துப் போட்டாச்சா தாத்தா?"

"இல்லை. அதுக்கு முன்னாடி உனக்கு ஒரு ஆளைப் பத்திச் சொல்லணும். போற வழியில சொல்றேன். அவரோட தங்கச்சி மண்டபத்துல உக்காந்திருக்காங்க. மிச்சத்தை அவங்க சொல்வாங்க."

நயேலி அவர் முகத்தையும் நெரைதாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். முரட்டுத்தனம் எதுவும் இல்லை. அன்பாகத்தான் சொன்னாள்.

"சொல்லுங்க, கேக்கறேன். ஆனா ஒண்ணு தாத்தா. எனக்குப் பதினெட்டு ஆக இன்னும் அஞ்சு வாரந்தான் இருக்கு. அப்புறம் யார் கையெழுத்தும் வேண்டியதில்லை."

ரமீரோ அவளுடைய பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அஞ்சு வாரம் போதும்" என்றார். "எனக்கு யாரும் அஞ்சு நிமிஷம்கூடக் கொடுக்கலை."